மாடிக்குப் போன ஒயர்

இதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். நாற்பதைத் தொடப்போகிறவர்கள், தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்துவிட்டு அதை ஒத்துக்கொள்ளாதவர்கள், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். என் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு பாட்டு வர்றதுக்கு வாரக்கணக்கா? போம்மா, சும்மா கதை விடாதே" என்று எழுந்து போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. கேட்டது கேட்ட உடனே காதுக்கு வந்துவிடுகிற காலத்தில் பிறந்தவள். ஒரு பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்வதை ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்த்தது என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்? உங்களுக்குப் புரியும். உங்கள் வீட்டிலும் அந்தக் கோடு ஊர்ந்திருக்கும்.

நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஜோகுபாளையத்தில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரில் வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள். மொட்டை மாடியில் ஒற்றை அறை, அதை வாடகைக்கு விட்டிருந்தோம். அறைக்குப் போக வெளிப்பக்கமாக ஒரு சிமெண்டுப் படிக்கட்டு. யார் ஏறினாலும் இறங்கினாலும் செருப்புச் சத்தம் எங்கள் கூடத்தில் கேட்கும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எல்லார் வீட்டிலும் வாசலுக்குக் கீழே ஒரு சம்ப். குழாயில் வருவதை அதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில பேர், பெயரெல்லாம் வேண்டாம், குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுவார்கள். அவர்கள் சம்ப் வழியும். மற்ற வீட்டுக் குழாயெல்லாம் புஸ் புஸ்ஸென்று காற்றை விடும். இதைக் கண்டுபிடிப்பதில் என் அப்பா தெருவுக்கே அதாரிட்டி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழாயில் காதை வைப்பார். "நாலாவது வீடு" என்பார். சரியாக இருக்கும். நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் நின்று, "நாச்சிகே ஆகல்வா?" என்று கத்துவார். வெட்கமாக இல்லையா என்று அர்த்தம். சர்க்கார் ஆபீசில் வேலை, மூன்று தலைமுறையாக இந்தக் கன்னட ஊர். அப்பாவுக்குக் கொஞ்சல் தமிழில் வரும், கோபம் கன்னடத்தில்தான் வரும். வால்வு திறக்கிறவர்கூட அப்பாவைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சித்தப்பாவால். அப்பாவின் தம்பி. ஏதோ ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு, எஸ்.பி. ரோட்டில் சாமான்களை வாங்கி வந்து, கம்ப்யூட்டர் பூட்டி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் கம்ப்யூட்டரே வாய் திறந்து சொன்ன மாதிரி. அதற்கு இண்டர்நெட் லைனும் வந்தது. மாடி அறையில் குடியிருந்த அண்ணன் அம்மாவிடம் வந்து, "அக்கா, எனக்கும் ஒரு ஒயர் விட்டுக்கட்டுமா? பாதி நான் தந்துடறேன்" என்று கேட்டார். அம்மா, "அதுக்கென்ன தம்பி, விட்டுக்கோ" என்றாள். கூடத்தில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து ஒரு நீல ஒயர், வெண்டிலேட்டர் வழியாக வெளியே போய் மாடிக்கு ஏறியது.

மாடி அண்ணனுக்குத் திண்டிவனம் பக்கம். அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கண் சிவந்து வந்து இறங்குவார். பகலெல்லாம் தூங்குவார். கன்னடம் சுத்தமாக வராது. கடைக்காரர் "சில்லறே இதியா?" என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது அம்மாவைப் பற்றி. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மேடையில் பாடினவள். அல்சூர் கோயில் திருவிழா, கன்னட ராஜ்யோத்சவப் பந்தல், பிரேசர் டவுன் பக்கம் கல்யாண ரிசப்ஷன் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடிய ஓர் இசைக்குழுவில் அவள்தான் பெண்குரல். அப்படி ஒரு ரிசப்ஷனில் பாடக் கேட்டுத்தான் அப்பா பெண் கேட்டு ஆள் அனுப்பினாராம். கல்யாணம் ஆனதும் அப்பா வீட்டில், "மருமக மேடையில நின்னு பாடறதா?" என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு நின்றுபோனது. ஞாபகத்துக்கு ஒரே ஒரு கேசட் இருந்தது. அதன் மேல் சித்தப்பா இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் ரேடியோ நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டார். "லேபிள் ஒட்டலை அண்ணி, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். இதையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். ஆனால் தன் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துபோச்சு என்று சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஒரு நாள் மாடியில் துணி எடுக்கப் போன அம்மா ஏதோ முணுமுணுத்திருக்கிறாள். மாடி அண்ணன் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க பாடுவீங்களா?" என்று ஆரம்பித்து, கதை முழுவதையும் வாங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில், வேலையிலிருந்து வந்தவர் மாடிக்கே போகவில்லை. நேராக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நெட்டுல தேடிப் பார்த்தேன். உங்க குழுவுக்கு மைக் செட் போட்டாரே ஒருத்தர், அவர் எல்லா புரோகிராமையும் டேப் பண்ணி வெச்சிருக்காரு, தெரியுமா? அவரு பையன் இப்போ கனடாவுல இருக்கான். அப்பா ஞாபகமா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல விட்டிருக்கான்."

அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "என் குரலுமா?"

"லிஸ்ட்ல உங்க பேர் இருக்குக்கா."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "இட்லி சாப்பிட்டுப் போ தம்பி" என்றாள். அவளுக்கு அப்போது சொல்லத் தெரிந்தது அதுதான்.

கனடாக்காரர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டிருந்தார். பெரிய மூட்டை. எங்கள் கம்ப்யூட்டரிலும் மாடி அண்ணன் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் அதை இறக்க ஆரம்பித்தோம். அம்மா மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கோடு நகரவே இல்லை.

"என்னப்பா இது, செத்துப்போச்சா?"

"இல்லக்கா. இது கடையில போய் வாங்கற மாதிரி இல்ல. மூட்டையைத் துண்டு துண்டா நறுக்கி வெச்சிருக்கு. யார்கிட்ட எந்தத் துண்டு இருக்கோ, அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கணும். நம்மகிட்ட வந்து சேர்ந்த துண்டை இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். நிறைய பேர் வெச்சிருந்தா சட்டுனு வரும். உங்க பாட்டை..." என்று அவர் நிறுத்திவிட்டார்.

"என் பாட்டை யார் வெச்சிருக்கப் போறா? அதானே? தாராளமா சொல்லு."

கனடாக்காரர் ஒருவரிடம்தான் முழுசாக இருந்தது. மற்றபடி துபாயில் ஒருத்தர், மலேசியாவில் ஒருத்தர், சென்னையில் ஒருத்தர், அவ்வளவுதான். அவர்களும் எங்களைப் போலப் பாதியில் நிற்பவர்கள். யார் என்று தெரியாது. அந்தக் குழுவில் வாசித்தவர்களாக இருக்கலாம், வாசித்தவர்களின் பிள்ளைகளாக இருக்கலாம். கனடாக்காரர் கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லாருக்கும் ஓடும், அணைத்தால், எங்களுக்குள் மாற்றிக்கொள்ள மிச்சம் இருக்கிற துண்டுகள் தீர்ந்ததும் எல்லாருக்கும் நிற்கும். அவருடைய சாயங்காலம் நமக்குக் காலை. அதனால் எங்கள் வீட்டில் காலை நேரமே மாறிப்போனது. அம்மா ஒரு கண்ணை உப்புமாவிலும் ஒரு கண்ணைக் கூடத்திலும் வைத்திருப்பாள். நான் சீருடையைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்து, "ஏறுதும்மா, ஏறுது!" என்று கத்துவேன். சில நாள் குதிரை மாதிரி ஓடும். சில நாள் அசையாது. "இன்னிக்கு கனடாவுல வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பாங்க" என்பாள் அம்மா. பார்த்தே இராத அந்த ஆளின் வீட்டு விசேஷமெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி.

இன்னொரு விஷயமும் மாடி அண்ணன்தான் செய்து வைத்தார். வெளியிலிருந்து அவர் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் துண்டு, அடுத்த நொடியே நீல ஒயர் வழியாக எங்களுக்கு இறங்கிவிடும். எங்களுக்கு வந்தது அவருக்கு ஏறிவிடும். "ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே துண்டை எதுக்குக்கா கனடாவுல போய் எடுக்கணும்?" என்றார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்ததா என்றும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்குத்தான் அவசரம் அதிகம். ஆபீசிலிருந்து வந்தால் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால், "எவ்வளவு ஆச்சு பாப்பா?" என்று என்னிடம்தான் கேட்பார். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பாட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் நம்பர் சொல்வேன். முந்தின நாளைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கும். அப்பாவின் முகம் சுருங்கும். "இவ்ளோதானா?"

சித்தப்பா வந்து பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து, மவுஸைத் தட்டி, தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணா, இங்கே பாரு. நம்ம வீட்டுல இருந்து வெளியே போயிட்டே இருக்கு. ஊர்ல இருக்கறவன் எல்லாம் நம்ம லைன்ல வந்து எடுத்துட்டுப் போறான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்குப் போகணும்? நம்ம சம்ப்புல இருந்து எவனோ மொண்டுட்டுப் போறானா?"

"அதை அடைச்சுட்டா வர்ற வேகம் தானா ஏறும்."

அடைத்தார். வெளியே போவதைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தார். வெளியிலிருந்து யாரும் எங்கள் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டவே முடியாதபடி இன்னொரு பூட்டும் போட்டார். "இனிமே ராக்கெட்டுதான்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து துபாயும் மலேசியாவும் சென்னையும் எங்களை விட்டுவிட்டன. நீங்களும் நானும் இன்றைக்கு இதைக் கேட்டாலே சிரிப்போம். கொடுக்கிறவனுக்குத்தான் அங்கே கொடுப்பார்கள், கையை மூடிக்கொண்டவனைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதற்கு மேல் கதவைப் பூட்டியும் வைத்தால் யார் வருவார்கள்? எங்கள் கோடு இன்னும் மெதுவானது. மாடியிலிருந்து வந்தது மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாடி அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். ஒரு காலையில் வாசலில் நின்றபடி, "அக்கா, யாரோ அப்லோடை அடைச்சிருக்காங்க போல. இதுல குடுக்காம வாங்க முடியாதுக்கா. திறந்து விடச் சொல்லுங்க" என்றார். உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டுவிட்டார். மாடி அண்ணன் போன பிறகு சோப்பு நுரையோடு வந்து, "நம்ம கம்ப்யூட்டர்ல நாம என்னத்தை அடைச்சா இவனுக்கு என்ன?" என்றார். அம்மா, "நல்லதுக்குத்தானே சொல்லுது அந்தத் தம்பி" என்றாள். குழாயில் காதை வைக்கும்போது அப்பா முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். ஞாயிறு என்றால் மாடிக்கும் ஒரு தட்டு போகும். சித்தப்பா சாப்பிட வந்தவர், குழம்பு கொதிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தார். யார் யாரிடம் எவ்வளவு வேகம் என்று காட்டுகிற ஒரு பட்டியல் இருக்குமே, அதை முதல் தடவையாக எடுத்தார். "அண்ணா, வா இங்கே!" என்றார். குரலே மாறியிருந்தது.

"மேல முதல்ல இருக்குதே, இது வெளியூர் அட்ரஸ் இல்ல. நம்ம வீட்டுக்குள்ள இருக்கற அட்ரஸ். மாடி ஆளோடது. பக்கத்துல இருக்கற நம்பரைப் பாரு. மத்தவங்க எல்லாரையும் சேர்த்தாலும் இதுல கால்வாசி வராது."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னா அண்ணா, மொத்தத்தையும் இவன்தான் இழுக்கறான்."

"மோட்டார் போட்டுட்டான்னு சொல்லு."

"அதேதான்!"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய், மாடியைப் பார்த்து, "ஏம்ப்பா, கீழே வா!" என்று கூப்பிட்டார். மாடி அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். லுங்கி, கன்னத்தில் தலையணைக் கோடு. குழம்பு வாசனையைப் பிடித்து, சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"எங்க வீட்டுலயே இருந்துக்கிட்டு, எங்க லைன்லயே மோட்டார் போடறியா? நாச்சிகே ஆகல்வா நினகே?"

அவருக்குப் புரியவில்லை. வழக்கம் போல என்னைத் திரும்பிப் பார்த்தார், அர்த்தம் சொல்லுவேன் என்று. நான் எப்படிச் சொல்லுவேன்? அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவின் முகத்திலிருந்தே அர்த்தம் தெரிந்திருக்கும்.

"சார், அது நான் இழுக்கறது இல்ல சார். நான் உங்களுக்கு..."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று சித்தப்பா எழுந்தார். "எத்தனை மிஷின் பூட்டியிருக்கேன் தெரியுமா நான்?"

"தெரியாதுன்னு சொல்லல சார். அந்த நம்பருக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க. வர்றது வேற, போறது வேற."

யாரும் படிக்கவில்லை. மூன்று பேர் நின்று கத்துகிற இடத்தில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தையை யார் படிப்பார்கள்? அப்பா, "ரூமைக் காலி பண்ணிடு" என்றார். மாடி அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"பண்ணிடறேன் சார். நாளைக் காலைல வரைக்கும் மட்டும் அந்த ஒயரை விட்டு வைங்க. கனடாக்காரர் கம்ப்யூட்டரைப் போட்டார்னா முடிஞ்சுடும். அக்கா பாட்டு வந்துடும். அப்புறம் நானே புடுங்கிடறேன்."

"ஓஹோ, இன்னும் ஒரு நாள் இழுக்கணுமா உனக்கு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ மோசமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது. பேசினது என் அப்பா. நேர்மைக்குத் தெருவே சாட்சி சொல்கிற என் அப்பா.

மாடி அண்ணன் திரும்பிப் படியேறினார். செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா விறுவிறுவென்று வந்து, சின்னப் பெட்டியிலிருந்து நீல ஒயரைப் பிடுங்கி எறிந்தார். நான் எப்போதும் போலத் திரையின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நம்பர் சொல்வதுதானே என் வேலை. பட்டியலில் முதலில் இருந்த அட்ரஸ் மறைந்தது. வேகம் மளமளவென்று விழுந்தது.

"ஜீரோப்பா" என்றேன்.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். அப்பா பார்த்தார். சித்தப்பா பார்த்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இன்னும் முடியவில்லை.

"ரீசெட் ஆகுது," என்றார் சித்தப்பா. "இனிமே பாருங்க எப்படி ஏறுதுன்னு."

சாப்பிட உட்கார்ந்தோம். சாயங்காலம் மாடி அண்ணனுடைய சிநேகிதர் ஒருவர் ஆட்டோவோடு வந்தார். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தூக்கி இறக்கினார்கள். அம்மா ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினாள். "வேணாம் பாப்பா, பசியில்ல" என்றார். ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி, "எத்தனைல நின்னுச்சு?" என்று கேட்டார். "எண்பத்தெட்டு" என்றேன். "அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். தட்டோடு நான் வீட்டுக்குள் வந்தேன்.

அடைத்ததை யாரும் திறந்துவிடவில்லை. கோடு அதற்கு மேல் ஏறவே இல்லை. ஒரு வாரம், பத்து நாள் பார்த்தோம். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக் கனடாக்காரரும் ஒரு நாள் அணைத்துவிட்டார் போலிருக்கிறது. பட்டியல் காலியாகிவிட்டது. வந்தவரை போதும் என்று சித்தப்பா அதைத் திறந்து ஓட்டினார். துண்டுகள் வரிசையாக வந்து சேர்வதில்லை, உங்களுக்குத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சேரும். மற்றவர்கள் பாடினது பலதும் முழுசாக இருந்தது. அம்மாவின் பாட்டில் கீபோர்டு வாசித்தார்கள், தபலா சேர்ந்தது, இருபது வயது அம்மா ஒரே ஒரு வரியை எடுத்தாள். அடேயப்பா, எவ்வளவு நல்ல குரல்! அடுத்த வரியில் ஒன்றுமே இல்லை. வெறும் மௌனம். அந்த மௌனம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் திடீரென்று கைதட்டல்.

"டேப்பு ரொம்பப் பழசு. தேஞ்சுபோயிருக்கும்" என்றார் அப்பா.

"ஆமா அண்ணா, டேப்புதான்" என்றார் சித்தப்பா.

அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காலேஜ் ஹாஸ்டலில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ரூம்மேட் ஏதோ இறக்கிக்கொண்டிருந்தாள். அதே பட்டியல். முதல் வரிசையில் பெரிய நம்பர். நான் பெரிய மேதாவி மாதிரி, "இவன்தான் உன் லைனை உறிஞ்சறான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "லூசு, இவன்தான் எனக்குக் குடுக்கறான்! தலைப்பைப் படி" என்றாள். படித்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை, வருவது ஒன்று, போவது ஒன்று. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். சித்தப்பா கடைசிவரை, போன வருஷம் சாகிறவரை, கம்ப்யூட்டர் மேதையாகவே இருந்துவிட்டுப் போனார்.

போன மாதம் வீட்டை ஒழித்தோம். பழைய கம்ப்யூட்டர் பரணில் இருந்தது. தூக்கிப் போடலாம் என்று இறக்கினேன். அப்பா கீழே பாயில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார். "அதுல உங்க அம்மா பாட்டு இருக்கு. முதல்ல அதை எடுத்து வெச்சுக்கோ" என்றார்.

"முழுசா இல்லப்பா அது."

"டேப்பு பழசு."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவ்வளவு வருஷம் மூடி வைத்தவள், "டேப்பு இல்லப்பா" என்றேன். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் இரண்டு வரிசை இருந்தது, நாம் தப்பான வரிசையைப் பார்த்தோம், அவர் நம்மிடமிருந்து எடுக்கவில்லை, நமக்கு வந்ததெல்லாம் அவர் வழியாகத்தான் வந்தது, நாம் அடைத்து வைத்ததால்தான் மற்றவர்கள் விட்டார்கள். குழந்தைக்கு ஊசி போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அப்பா பிதுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். ஒயரைப் புடுங்கின உடனே நீ ஜீரோன்னு சொன்னியே. மோட்டாரை நிறுத்தினா குழாயில தண்ணி கூடணுமா, நிக்கணுமா? எத்தனை வருஷமா குழாயில காதை வெச்சவன் நான், எனக்குத் தெரியாதா?" பருப்புத் தோலைத் தட்டில் ஒதுக்கினார். "அவன் இன்னும் படி ஏறிட்டுத்தான் இருந்தான். செருப்புச் சத்தம் கேட்டுச்சு. ஒரு குரல் கூப்பிட்டிருந்தா இறங்கி வந்திருப்பான்."

"அப்புறம் ஏன்ப்பா கூப்பிடலை?"

"எப்படிக் கூப்பிடறது? தம்பி நிக்கறான், உங்க அம்மா நிக்கறா, நீ நிக்கறே. அவ்ளோ கத்திட்டு, உடனே எப்படி...? வெட்கமா இருந்துச்சு."

அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிதுக்கின பருப்பை எடுத்துப்போக வந்தவள். குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்காகவாவது கூப்பிட்டிருக்கலாம்" என்றாள்.